எறும்புக்கு வழி விடும் கீபோர்டு

அத்தை கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து, கூடத்தில் விரித்துப்போட்ட செய்தித்தாளின் மேல் மெல்லத் தட்டினார். முதலில் கொழுக்கட்டைத் துணுக்கு ஒன்று விழுந்தது. அப்புறம் கொஞ்சம் தேங்காய்ப்பூ. அதன்பின் எறும்புகள். பாதி விழுந்த வேகத்திலேயே எழுந்து ஓடின, பாதி அசையவே இல்லை. அசையாதவற்றை அத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நானும் என் கணவர் கோமதேஷும் வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் போல எதிரில் நின்றுகொண்டிருந்தோம்.

“இதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் தட்டித் தட்டிக் கொன்னது,” என்றார் அத்தை.

மற்ற வீடாக இருந்தால் எறும்புப்பொடியைத் தூவிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார்கள். நாங்கள் சமணர்கள். எங்கள் வீட்டில் எறும்புப்பொடி என்ற சொல்லே கிடையாது. தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பதில்லை, பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் சோறு இறங்காது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் வினையே தொடங்கியது. கோமதேஷ் நிலக்கடலை வாங்கி விற்கும் எங்கள் மல்லாட்டை மண்டியிலிருந்து வீடு திரும்பும்போது வெயில் ராஜகிரி மலையின் உச்சிக்கு ஏறியிருக்கும். மலை மேல் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஆனால் அவருடைய விளையாட்டு அணி கூடுவதும் அதே நேரம்தான். அதனால் ஒரு கை கீபோர்டிலும் ஒரு கை தட்டிலுமாக உட்கார்ந்துவிடுவார். கீபோர்டு முன்னால் சாப்பிடுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். சூரியனுக்குப் பயந்து சாப்பிடுகிறவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அன்றைக்கு வெல்லக் கொழுக்கட்டை வேறு.

அது துப்பாக்கி விளையாட்டு என்று அத்தைக்குத் தெரியும். அந்த வழக்கு எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே விசாரித்துத் தீர்ப்பாகிவிட்டது. கோமதேஷ் யாரையும் சுடமாட்டார். அணியில் அடிபட்டு விழுகிறவர்களை ஓடிப்போய் எழுப்பிவிடுகிற வேலை அவருடையது. குண்டு மழையில் வெறுங்கையோடு ஓடுவார். அவரைப்போல எழுப்புகிறவன் விழுப்புரம் மாவட்டத்திலேயே இல்லை என்று அவருடைய கூட்டாளிகள் சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு.

என் கதை வேறு. திண்டிவனத்தில் இரும்பு மெஷினில் தட்டச்சு படித்தவள் நான். ‘யளனக’ என்று அடித்தால் தெருமுனை வரை கேட்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் டீச்சர் திரும்ப அடிக்கச் சொல்வார். அந்தக் கைக்கு இந்த மலிவுக் கீபோர்டு ஊறிப்போன அப்பளத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் தட்டினேன், பிறர் எழுதியதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது என் வேலை. தளவானூர் நெடுமாறன் சார் தம் ஊர்க் குடைவரையைப் பற்றி எழுதிய புத்தகம் பாதி முடிந்திருந்தது. அடுத்து ஒரு கவிதைத் தொகுப்பு வருவதாக இருந்தது. கல்யாணமாகி வந்த இந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் நல்லவர்கள்தான். என்றாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தட்டும்போதுதான் நான் தொண்டூரிலிருந்து வந்த மருமகளாக இல்லாமல் பிரம்மியாக இருந்தேன்.

“எறும்பு சாகாத பொட்டி எதுனா இருந்தா வாங்கியாங்க,” என்றார் அத்தை. “இல்லன்னா கம்ப்யூட்டர மண்டிக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. வூட்ல வேணாம்.”

கோமதேஷுக்கு மண்டி ஒன்றும் பெரிய தண்டனை இல்லை. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகூட எழுப்புவார். நான் அங்கே போய் எங்கே உட்காருவது?

மறுநாளே திண்டிவனம் ரோட்டில் இருக்கும் சேசுராஜ் கடைக்குக் கிளம்பினோம். நாங்கள் இருவரும் போவதாகத்தான் ஏற்பாடு. செருப்பை மாட்டும்போது பார்த்தால் அத்தை புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அனந்தமதி அம்மாள் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறார் என்று தெருவே பார்த்தது.

சேசுராஜ் கோமதேஷின் அணியில் ஒருவன். விளையாட்டில் அவசரக்குடுக்கை, முதலில் பாய்ந்து முதலில் விழுகிறவன் அவன்தான். எங்களைக் கண்டதும் இரண்டு மெக்கானிக்கல் கீபோர்டுகளை எடுத்து மேஜையில் வைத்தான். ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் தனித்தனி சுவிட்ச், வருஷக்கணக்கில் உழைக்கும் என்றான். ஒன்றில் நீல சுவிட்ச், தட்டினால் டக்கென்று சத்தம் வரும். மற்றதில் சிவப்பு, வெண்ணெய் மாதிரி இறங்கும், சத்தம் குறைவு.

நான் நீலத்தில் ஒரு வரி அடித்தேன். ஐயோ, அந்தச் சத்தம். விரலுக்கு அடியில் ஒவ்வோர் எழுத்தும் ‘ஆச்சு, ஆச்சு’ என்று பதில் சொல்லிற்று. சிரிப்பு தானாக வந்துவிட்டது. நிமிர்ந்தால் கோமதேஷ் சிவப்பின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்திலும் அதே சிரிப்பு.

“ப்ளூ வாங்கிடலாங்க,” என்றேன்.

“மைக்குல எல்லாருக்கும் கேக்கும் பிரம்மி. எதிரி வர்ற காலடிச் சத்தமே கேக்காது.”

“அண்ணா சொல்றது கரெக்ட்டு,” என்றான் சேசுராஜ். “காதுல கெடந்து இடிக்கும். ரெட்டே எடுத்துக்குங்க அண்ணி.” கடைக்காரனாகப் பேசுகிறானா, கூட்டாளியாகப் பேசுகிறானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு வீடு, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். இரண்டையும் வாங்குகிற விலையிலும் இல்லை. விட்டுக்கொடுக்கப்போவது யார் என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரிந்துபோன சங்கதி.

அதுவரை முக்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வந்தார்.

“ஏம்பா, இதுல எறும்பு பூந்துட்டா எப்டி வெளிய வரும்?”

சேசுராஜுக்கு இந்தக் கேள்வி புதிது. சிரிக்கப் பார்த்து, அத்தையின் முகத்தைக் கண்டதும் அடக்கிக்கொண்டான். மேஜை இழுப்பறையிலிருந்து இடுக்கி போன்ற ஒரு சின்னக் கம்பியை எடுத்து, எழுத்து மூடி ஒன்றைக் கவ்வி இழுத்தான். மூடி கையோடு வந்தது. அடியில் சுவிட்ச் தெரிந்தது. அதையும் கவ்வி இழுக்க, அதுவும் வந்தது. உள்ளே பளிச்சென்று வெறும் தரை.

“எல்லாமே கழலும்மா. தொடைச்சிட்டு மறுபடி மாட்டிக்கலாம்.”

அத்தை கம்பியை அவன் கையிலிருந்து வாங்கினார். ஒரு மூடியைக் கழற்றினார், மாட்டினார். இன்னொன்றைக் கழற்றினார். பூப்பறிக்கிற மாதிரி ஒரு வரிசையையே பறித்து மடியில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். முதல் நாள் அந்தச் செய்தித்தாளைப் பார்த்த அதே கண்தான், இப்போது அதில் வெளிச்சம் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு நீலத்தை ஒரு தட்டு, சிவப்பை ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“சத்தம் போடுறதே எடுங்க,” என்றார்.

“ஏம்மா?” என்றார் கோமதேஷ், பாவமாக.

“நம்ம முனிவருங்க மயில்பீலியால தரைய நீவிட்டுத்தான கால வைக்கறாங்க? இது மொத தட்டு தட்டனதுமே எறும்பு எந்திரிச்சி ஓடிடும். அது ஊமையா இருக்குது. எறும்புக்கு எப்டித் தெரியும், வெரலு வருதுன்னு?”

இந்த இருபத்தொன்பது வயது வரை அந்த அம்மாவிடம் கோமதேஷ் எந்த வாதத்திலும் ஜெயித்ததில்லை. மயில்பீலி வேறு வந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன், ஆனால் அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்ததும் ஜெயித்தது பாதியாகிவிட்டது. அவர் சிவப்பு கீபோர்டை ஓரமாக, பத்திரமாகத் தள்ளிவைத்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை.

“இதுலேருந்து நாலு சுவிட்ச் கழட்டி அதுல போட முடியுமா?” என்று சேசுராஜிடம் கேட்டேன். “இவரு வெரலு எப்பவும் கெடக்கிற எடத்துல மட்டும்.”

சேசுராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டான். இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கோமதேஷ் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, கடையில் வைத்து அப்படிப் பார்த்தால் வேறு எப்படி இருக்கும். அத்தை மட்டும் யோசித்தார். ஊமைப் பொத்தான் நாலு.

“அந்த நாலையும் தெனம் காலையில நானே கழட்டிப் பாத்துக்கறேன்,” என்றார் கடைசியில்.

வீட்டுக்கு வந்து முதல் பக்கம் அடிக்கும்போதுதான் தெரிந்தது, அவர் விரல் கிடக்கிற இடம் என் ய, ள, ன, ற என்று. புத்தகம் டக்டக்கென்று போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஓர் எழுத்து மட்டும் மெத்தென்று இறங்கும். தமிழில் ‘அவன்’ இல்லாமல் எந்த வாக்கியம் இருக்கிறது? வரிக்கு நாலு முறை அவரைத் தொட்டுக்கொண்டே தட்டினேன். நெடுமாறன் சார் புத்தகம் கிடுகிடுவென்று ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை அணிக்குப் பெரிய போட்டி. தட்டோடு உட்காரப்போன கோமதேஷை அத்தை தடுத்தார்.

“நீ ஆடு. அந்தப் பொட்டிக்குப் பக்கத்துல சோறு வரக்கூடாது.”

தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கீரைச் சாதத்தைப் பிசைந்து உருட்டி, “வாயத் தொற” என்றார். மைக் திறந்திருந்தது. திண்டிவனம், தளவானூர், சிங்கவரம் என்று பல ஊர்ப் பையன்கள் ஸ்பீக்கரில் சிரித்தார்கள். கோமதேஷ் கூச்சப்படாமல் வாயைத் திறந்தார், மென்றார், ஓடினார், ஒருவனை எழுப்பினார், மறுபடி திறந்தார். ஒரு பருக்கைகூடக் கீழே விழவில்லை. நான் ஜன்னலோரம் நின்று மலையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு அத்தை கொடுத்திருந்த வேலை.

“உச்சியில மட்டுந்தான் வெயில் இருக்குது அத்தை,” என்றேன்.

தட்டில் கடைசி உருண்டை இருந்தது. அத்தை அதை எடுத்துக் கையை நீட்டவும், ஸ்பீக்கரில் ஓர் அலறல் கேட்டது. திரையில் யாரோ குப்புற விழுந்து கிடந்தார்கள்.

“யாருடா அது?” என்றார் அத்தை.

“சேசுராஜ்மா. தூரத்துல கெடக்கறான். போனா என்னையும் அடிச்சிருவானுங்க.”

அத்தை ஜன்னலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் அந்த உருண்டை உள்ளே போகாவிட்டால் மகன் அரைவயிற்றோடு படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

“நம்ம கடைக்காரப் புள்ளடா,” என்றார். “மொதல்ல அவன எழுப்பு.”

கோமதேஷ் சுவரோரமாக ஓட ஆரம்பித்தார். அத்தை சோற்று உருண்டையை அவர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மலையைப் பார்க்க மறந்துபோனேன்.