கருகிய இலைகள்

மெரின் கத்தரிக்கோலைக் கழுவிக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு க்வெண்டாவின் தலை தெரிந்தது.

"அடிப்பாவி! கோரலோட காகிதப்பூவுக்கு மொட்டையடிச்சுட்டியா?"

மெரின் சிரித்தாள். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மாமியார் கோரல் அன்று பிற்பகல் வீடு திரும்புகிறாள். வடக்குச் சுவரில் படர்ந்திருந்த காகிதப்பூக்கொடி பனியில் கருகி, இலையெல்லாம் பழுப்பாய்த் தொங்கியது. வருகிறவள் கண்ணில் அதுவா முதலில் பட வேண்டும் என்று, கருகியதையெல்லாம் காலையிலேயே நறுக்கிக் குப்பைத் தொட்டியில் திணித்துவிட்டாள்.

"அசிங்கமா இருந்துச்சுக்கா."

"இருந்துட்டுப் போகட்டுமே. இந்த ஆகஸ்ட் குளிர்ல அதுக்கு அதுதான்டி போர்வை. பனி கருகின இலையோட நின்னுடும், உள்ள தண்டு பொழைச்சுக்கும். கடைசிப் பனி போற வரைக்கும் கோரல் யாரையும் தொட விடமாட்டா. புருஷனையே விட்டதில்ல." க்வெண்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னிக்கு ராத்திரி மைனஸ் அஞ்சாம்."

மெரின் வெயில் ஊரான டார்வினில் வளர்ந்தவள். அங்கே காய்ந்தால் வெட்டுவார்கள், அடுத்த மழையில் துளிர்க்கும். கான்பெர்ராவின் குளிர் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை, கோரலைப் போலவே. கோரல் இதுவரை அவளைத் திட்டியதில்லை. ஆனால் யாரிடமும் மகன் பெயரைச் சேர்த்து "பிரெட்டோட பொண்டாட்டி" என்றுதான் சொல்வாள், அவள் பெயர் வராது. செத்துப்போன மாமனார் டவுன்ஸ்வில்லிலிருந்து காரில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கொடி அது. பச்சைத் தண்டுகள் வெறுமையாய் நின்றன. வெட்டுவாயில் ஈரம் மினுங்கியது.

கார் வந்தது. கோரல் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போகாமல் நேராகச் சுவரோரம் போனாள். நின்றாள்.

"அம்மா, குளிருது, உள்ள போலாம்" என்றான் பிரெட்.

"எனக்கே குளிருதுன்னா அதுக்கு எப்படி இருக்கும்?" அவள் திரும்பவில்லை. "யாரு வெட்டினது?"

"நான்தான். கருகிக் கெடந்துச்சேன்னு... நீங்க வர்றீங்களேன்னு..."

கோரல் குனிந்து வெட்டுவாய் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வெட்டினதை எங்க போட்ட?"

"குப்பைத் தொட்டியில."

"எடுத்துட்டு வா."

முள் கையைக் கிழிக்கக் கிழிக்க அள்ளிவந்தாள். கோரல் நாற்காலியில் உட்கார்ந்து விரலால் காட்டினாள். காய்ந்த கிளைகளைத் தண்டைச் சுற்றிக் கூடாரம்போல் சாய்த்து, அதன்மேல் பழைய படுக்கை விரிப்புகளைப் போர்த்தினார்கள்.

"துணி தண்டுல படக்கூடாது. பட்ட இடம் போச்சு."

"பொழைக்குமா?"

"என் இடுப்பு கூடுமான்னே டாக்டர் வாயத் தொறக்க மாட்டேங்கறான். இதை என்கிட்ட கேக்கறியா?"

விடியும்போது மெரின் வெளியே வந்தாள். புல்லெல்லாம் வெள்ளை. விரிப்பு அட்டைபோல் விறைத்து நின்றது. அதன் நுனியைப் பிடித்துத் தூக்கப் போனபோது ஜன்னல் கண்ணாடி தட்டப்படும் ஓசை கேட்டது. உள்ளே கோரல், இரவு உடையில், நடைவண்டியைப் பிடித்தபடி. ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள்: பொறு.

சுவரின் உச்சியில் வெயில் விழுந்திருந்தது. செங்கல் செங்கலாக அது விரிப்பை நோக்கிக் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. விறைத்த துணியில் விரல் ஒட்டிக்கொள்ள, மெரின் அசையாமல் நின்றாள்.