எக் சூட்டருக்கு ஒரு சிவப்புக் கட்டம்

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. ஃபார்ஃபர் கடைத்தெருவில், பழைய சாமான் விற்கும் ஒரு சாரிட்டி கடையில் பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். அலமாரிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர், மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு பழைய கில்ட் (இங்கே ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டும் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை) தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும் கடைக்காரப் பெண்ணுக்கும் நடந்த பேச்சு என் காதில் விழுந்தது. மற்றதை நான் கட்டிக்கொண்டேன்.

(மேலே உள்ள பத்தியில் ஒரு பொய் இருக்கிறது. இப்போதைக்கு இருக்கட்டும்.)

தொடக்கம் ஒன்று: "மழை தூறிக்கொண்டிருந்தது." ஃபார்ஃபரில் மழை தூறியது என்று எழுதுவது மாட்டுக்கு நாலு கால் என்று எழுதுவதுபோல. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "அறுபது வயதுவரை எக் சூட்டருக்குத் தன் முழங்காலை ஊருக்குக் காட்டும் அவசியம் வந்ததில்லை." இது பரவாயில்லை. ஆனால் சிரிப்புக் கதை என்று நினைத்து நீங்கள் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

தொடக்கம் மூன்று: "கிர்ஸ்டி அவரை ஒருநாளும் அப்பா என்று கூப்பிட்டதில்லை, ஆகவே"

இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. நடுவில் எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டேன், தேநீரை மறந்தேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன். அப்படியே விடுகிறேன்.

2

எக்கை உங்களுக்குத் தெரிய வேண்டும். ஊர்க் கவுன்சிலில் லாரி ஓட்டுகிறார். குளிர்காலத்தில் பனி உறையாமல் சாலைக்கு உப்புத் தூவுவது, கோடையில் புல் வெட்டுவது. மோய்ராவைக் கட்டிக்கொண்டபோது அவளுடைய மகள் கிர்ஸ்டிக்கு ஆறு வயது. கிர்ஸ்டியைப் பெற்றவன் ரோரி மக்கின்டயர் அதற்கு முந்தைய வருடமே வடக்கே வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். இருபத்தொரு வருடமாக அந்த வீட்டில் எக் இருக்கிறார். கிர்ஸ்டி அவரை எக் என்றுதான் கூப்பிடுகிறாள்.

இந்தச் சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். மூன்று மாதம் முன்பு ஒருநாள், சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, தேவாலயத்தில் பெண்ணின் அப்பா நடத்தி வருவதுபோல, தன்னை அழைத்துக்கொண்டு அவர்தான் நடந்து வரவேண்டும், அதுவும் கில்ட் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று சொன்னாளாம். எக் சரி என்றார். உடனே வெளியே போய், ஒரு குறையும் இல்லாத லாரியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார்.

கில்ட் என்றால் எந்தக் கட்டம் என்ற கேள்வி வந்துவிடும். இங்கே ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம். (குலம் என்று எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. நம் பக்கத்தில் அந்தச் சொல்லை யார் யாரிடம் எதற்காகக் கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இங்கே அது அவ்வளவு கடிக்காது. ஆனால் பல் இருக்கிறது.) சூட்டர் என்றால் செருப்புத் தைப்பவன். "எங்க ஆளுங்க அடுத்தவன் செருப்பத் தச்சுக்கிட்டு இருந்தாங்க. கட்டம் நெய்ஞ்சுக்க நேரம் ஏது?" என்பார் எக். அம்மா வழியில் ஓகில்வி குலம் என்று ஒரு பிடி இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நூல் மாறி மாறி ஓடும். எட்டு கஜம் எடுத்துப் புதிதாகத் தைத்தால் எழுநூறு பவுண்டு. ஒருநாள் கூத்துக்கு அவ்வளவா என்று அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

3

சாரிட்டி கடையில் அவர் இடுப்புக்கு ஏற்றதாக இரண்டே கில்ட் தொங்கின. இரண்டும் நல்ல கம்பளி, இரண்டுக்கும் எண்பத்தைந்து பவுண்டு. ஒன்று சாம்பலும் நீலமும் கலந்த பொதுக் கட்டம். எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லை, யாரும் கட்டலாம். மற்றது சிவப்பு. மக்கின்டயர் குலத்துச் சிவப்பு.

எக் அந்தச் சிவப்பின் முன்னால் நின்றுவிட்டார். யார் எந்தக் கட்டத்தைக் கட்டினாலும் கேட்க ஆளில்லை, அப்படி ஒரு சட்டமே கிடையாது என்று கடைக்காரப் பெண் தைரியம் சொன்னாள்.

"சட்டம் இல்ல, சரி. மோய்ராவோட அத்தைங்க மூணு பேரு இருக்காங்களே" என்றார் எக்.

பிறகு துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சின்னப்புள்ளைல கிர்ஸ்டிக்கு இதே துணில ஒரு பாவாடை இருந்துச்சு. ரோரி வாங்கிக் குடுத்தது. சனிக்கெழமையானா அதத்தான் போடுவா. தொவைக்கக்கூடக் கழட்டித் தரமாட்டா. அவ்வளவு உசுரு அதுமேல."

கொஞ்சம் யோசித்தார். சிவப்பை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார்.

இப்படித்தான் இந்தப் பகுதியை முதலில் எழுதினேன். நான்கு முறை படித்துப் பார்த்தேன். கடைசி இரண்டு வாக்கியம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

4

சரி. பொய்யைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அலமாரிக்குப் பின்னால் நிற்கவில்லை. எக் பக்கத்தில் நின்றேன். அவர்தான் என்னைக் கூட்டிப்போனார். சலவைக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாகத் துணி திருத்திக் கொடுக்கிறேன். இந்த ஊரில் பாதிப்பேரின் இடுப்பளவு எனக்கு மனப்பாடம். "நீ வந்து பாரு தங்கச்சி, எனக்கு இதெல்லாம் வெளங்காது" என்றார். போனேன்.

அவர் கை பொதுக் கட்டத்தின் மேல் இருந்தது. பாவாடைக் கதையைச் சொல்லிவிட்டு, சிவப்பை விட்டுவிட்டு, மறுபடி அதற்குத்தான் வந்தார். இது போதும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றார். அதைக் கொக்கியிலிருந்து எடுத்தும்விட்டார்.

"சிவப்ப எடுங்க எக்" என்றேன் நான்.

ஏன் சொன்னேன்? கிர்ஸ்டியின் மனம் குளிரும் என்றா? அப்படித்தான் அவரிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அந்த நொடியில் எனக்குக் கதை தெரிந்தது. விட்டுவிட்டுப் போனவனின் கட்டத்தை உடுத்திக்கொண்டு, வளர்த்தவன் அவளைக் கைப்பிடித்து நடத்தி வருகிறான். எவ்வளவு அழகு. பொதுக் கட்டத்தில் என்ன கதை இருக்கிறது? அன்று மத்தியானமே முதல் பக்கத்தை எழுதத் தொடங்கினேன். பட்டன் டப்பா, அலமாரி எல்லாம் என்னை மறைத்துக்கொள்ள நான் வைத்த சாமான்.

வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும், ஒப்புக்கொள்வது கதைக்கு நன்றாக இருக்கிறது என்று உள்ளே ஒன்று கணக்குப் போடுகிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

5

செவ்வாய்க்கிழமை கிர்ஸ்டி என் கடைக்கு வந்தாள், கல்யாண உடுப்பைக் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்க்க. எக்கின் கில்ட் அப்போது என் மேசைக்கு மேல் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பு வார் இரண்டையும் தள்ளித் தைத்து, வியாழக்கிழமை தருவதாகப் பேச்சு. என்ன வாங்கினார் என்று அவளுக்குத் தெரியாது. அது சர்ப்ரைஸாம்.

வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உடுப்பின் தோளில் மக்கின்டயர் கட்டத்துணியில் ஒரு பட்டை வைக்கட்டுமா, இங்கே பெண்கள் வைப்பார்களே என்று கேட்டேன். கதைக்கு இன்னொரு துளி சிவப்பு கிடைக்குமே என்றுதான்.

"பட்டை கிட்டை ஒண்ணும் வேணாம் மல்லி. அந்தச் சிவப்பு என் கல்யாணத்துல கண்ணுலயே படக்கூடாது."

ஏன் என்று கேட்டேன்.

"சின்னதுல சனிக்கெழம சனிக்கெழம அந்தப் பாவாடையப் போட்டுட்டு சன்னல்ல நிப்பேன். அந்தாளு வந்தா என்னைய அடையாளம் தெரியணும்னு. வரவே இல்ல. எக் மட்டும் கீழ நின்னு லாரி கழுவிக்கிட்டே இருப்பாரு. அழுக்கே இல்லாத லாரி. நான் சன்னல விட்டு எறங்குறவரைக்கும் கழுவுவாரு."

கண்ணாடியில் தன் தோளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, ஒரு பாட்டு வரியைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். என் குண்டூசி அவளைக் குத்திவிட்டது.

கில்ட் எதற்கு, எக் தன்னுடைய கோட்டு பேன்ட்டிலேயே வரட்டுமே என்று மெல்லப் போட்டுப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் எல்லாரும் கில்ட்டில் நிற்பார்கள். அவர் மட்டும் பேன்ட்டில் நின்றால் யாரோ வெளியாள் மாதிரி இருக்கும் என்றாள். வெளியாள் என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

அவள் போனதும் சாரிட்டி கடைக்குப் போன் போட்டேன். பொதுக் கட்டம் திங்கட்கிழமையே விற்றுப்போயிருந்தது. வாடகைக்குக் கொடுக்கும் இரண்டு இடத்திலும் விசாரித்தேன். ஜூன் மாதம், கல்யாண சீசன், அவர் அளவில் ஒன்றும் மிச்சமில்லை.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். தைக்க வேண்டிய நேரத்தில் எழுதினேன்.

முடிவு அ. கில்ட்டின் இடுப்புப் பட்டிக்கு உள்ளே, மடிப்பில், மங்கிய மையில் ஒரு பெயர்: ஆர். மக்கின்டயர். அவனுடைய கில்ட்டேதான்! கிழித்துப் போட்டேன். (கிழிப்பதற்கு முன் பட்டியைப் பிரித்தும் பார்த்தேன். சலவைச் சீட்டு ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.)

முடிவு ஆ. தேவாலய வாசலில் கிர்ஸ்டி சிவப்பைப் பார்க்கிறாள். கண் கலங்குகிறது. அவர் நெஞ்சில் சாய்ந்து, முதல் முறையாக அப்பா என்று

இல்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அழமாட்டாள். சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடிப்பாள், நடப்பாள், படத்துக்கு நிற்பாள். அந்தப் படத்தை எந்தச் சுவரிலும் மாட்டமாட்டாள். ஏன் மாட்டவில்லை என்று எக் கேட்கவும் மாட்டார். இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு இ. தையல்காரி கைதவறி, இஸ்திரிப் பெட்டியைக் கில்ட்டின் மேல் வைத்து மறந்துவிடுகிறாள். நேற்று பெட்டியைச் சூடாக்கிக் கையில் எடுத்தும்விட்டேன். இது கதைக்காகச் சேர்த்த வரி இல்லை. எண்பத்தைந்து பவுண்டும் போய், சனிக்கிழமை அவர் பேன்ட்டில் வெளியாளாக நிற்பது கண்ணில் வந்தது. பெட்டியைக் கீழே வைத்தேன்.

7

இன்று வியாழன். சொன்னபடி நாலு மணிக்கு எக் வந்தார். ஒரு காகிதப் பையில் இறைச்சி அடைத்துச் சுட்ட இரண்டு சூடான பிரைடி, எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. சாப்பிட்டால் வார் ஏறாது என்று பையைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, கில்ட்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். சொல்லிவிட வேண்டும் என்று நானும் திரையருகே போனேன். உள்ளே அவர் ஏதோ மெட்டை முனகிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

வெளியே வந்தார். வெயில் படாத வெள்ளைக் கால். மடிப்பு ஒன்றுகூடப் பிசகாமல் பின்னால் விழுந்திருந்தது. என் வேலை, குறை சொல்ல முடியாது. கண்ணாடி முன்னால் முதலில் கூனிக்கொண்டுதான் நின்றார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். இந்த மனிதர் இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"உண்மையச் சொல்லு தங்கச்சி. இதுல அவ அப்பன் மாதிரி தெரியிறேனா?"

நான் பதில் சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அது கதைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து ஒரு சொல்லை மாற்றுவேன், அப்புறம் இன்னொன்றை மாற்றுவேன். அது அவருக்குச் சொன்னது.

ஆனால் நீங்கள் இதில் இல்லவே இல்லை என்று நினைக்காதீர்கள். மூன்றாம் பகுதியில் அவர் சிவப்பை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனபோது உங்களுக்கும் அது பிடித்திருந்தது. பொதுக் கட்டத்தை எடுத்திருந்தால் அப்போதே பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். கிர்ஸ்டி ஏன் அந்தப் பாவாடையோடு சன்னலில் நின்றாள் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கல்யாணம் நாளை மறுநாள்.

அவர் கேட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீங்களும் சொல்லுங்கள்.