தபோகேராவின் காது

ஒன்றரை வயதாகியும் தபோகேரா பேசவில்லை. கூப்பிட்டால் திரும்புவதுமில்லை. அவளுடைய அத்தை ஏலெஸ் அதைத் திமிர் என்றே நினைத்தாள். உசிபா மீன் காயும் பரண்களுக்கு நடுவே குழந்தை தன்பாட்டுக்கு ஏரிப் பக்கம் நடந்தால், ஓடிப்போய்ப் பிடித்துக் கையில் ஒரு கிள்ளு வைப்பாள். "அப்பன் மாதிரியே, சொன்னா காதுல வாங்காது" என்பாள்.

தாய் தெம்வாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து பிள்ளை பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு அவள் சிரித்தாள், தவழ்ந்தாள், நடந்தாள். ஆனால் எட்ட நின்று குரல் கொடுத்தால் அடங்கமாட்டாள்; தொட்டுத் தூக்கி மார்போடு அணைத்துப் பாடினால் மட்டுமே அழுகை நின்றது.

காது கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தைச் சொன்னதும் கணவன் லும்பானிக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் படகில் மீன்பிடிக்கிறவன். இரண்டு பானை மூடிகளை எடுத்துக்கொண்டு, முற்றத்தில் விளையாடிய மகளின் முதுகுப் பக்கம் போய் ஓங்கித் தட்டினான். அவள் சட்டென்று திரும்பினாள்.

"பாத்தியா? இனிமே என் பிள்ளைய அப்படிச் சொல்லாத."

தெம்வா தரையைப் பார்த்தாள். காலை வெயிலில் அவன் நிழல் மகளின் கைமேல் விழுந்துகிடந்தது. அவள் மூடிகளை வாங்கிக்கொண்டு, நிழல் விழாத பக்கமாகப் போய்த் தட்டினாள். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். குழந்தை மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டே இருந்தாள். தெம்வா இன்னொரு முறை தட்டினாள். லும்பானி வந்து மூடிகளை அவள் கையிலிருந்து மெதுவாக எடுத்துக் கீழே வைத்தான்.

அந்த வாரமே மூவரும் மினிபஸ் ஏறி முசூசு நகரத்துக்குப் போனார்கள். அங்கே காது சோதிக்கும் பெண்ணின் பெயர் சுஸ்கோ; அவர்கள் மொழியில் தொல்லை என்று பொருள். "பேருதான் தொல்லை. பிள்ளைக்கு நான் ஒரு தொல்லையும் தரமாட்டேன்" என்று அவள் சொன்னபோது தெம்வா மட்டும் சிரித்தாள்.

முதலில் குழந்தையைத் தாய் மடியில் உட்காரவைத்துப் பக்கவாட்டிலிருந்து விதவிதமாக ஒலியெழுப்பிப் பார்த்தாள். அடுத்த சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். தபோகேராவோ தூங்குவதாக இல்லை. கடைசியில் லும்பானி அவளை வெளியே தூக்கிப்போய், மார்பில் சாய்த்துப் படகுப் பாட்டை முனகியபடி மரத்தடியில் நடந்தான். தூங்கியதும் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் கம்பிகளை ஒட்டி, ஒலி மூளைக்கு எட்டுகிறதா என்று கருவியில் பார்த்தாள் சுஸ்கோ.

"ரெண்டு காதும் ரொம்ப மந்தம். லாரி சத்தம் மாதிரி கனமானது கொஞ்சம் கேக்கும். நாம பேசறது எட்டாது" என்றாள்.

மருந்தில் சரியாகுமா என்று லும்பானி கேட்டான். ஆகாது என்று அவள் மறைக்காமல் சொன்னாள். காதில் கருவி வைத்தால் பலன் இருக்கும். பேச்சு வர நாளாகும். சின்ன வயதிலேயே கொண்டுவந்தது நல்லது.

"கருவி வர்ற வரைக்கும் கையால பேசுங்க. வந்த பிறகும் நிறுத்தாதீங்க."

"கையாலதானே?" லும்பானி நிமிர்ந்து உட்கார்ந்தான். "மோட்டார் இரைச்சல்ல படகுக்குப் படகு நாங்க அப்படித்தான் பேசிக்கறோம்."

வீட்டுக்கு வந்ததும் அவன் மகளுக்கு எதிரே உட்கார்ந்து தொடங்கினான். வா, நில், மீன், போதும். படகுக்காரர்களிடம் இல்லாத சைகைகளைத் தெம்வா உண்டாக்கினாள். குழந்தை பசியில் இருந்தவள்போல எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். ஏலெஸ் சில நாள் தள்ளி நின்றே பார்த்தாள். பிறகு ஒருநாள் குழந்தையின் கையைத் தடவி, "இந்தக் கையப் போயிக் கிள்ளினேனே" என்றாள். அவளும் கற்றுக்கொண்டாள்.

காதுகளின் அச்செடுத்துச் செய்த கருவிகள் வந்தபோது தபோகேரா அழுது, பிடுங்கி, ஒன்றை நசிமாக் களிக்குள் எறிந்தாள். தெம்வா அவசரப்படவில்லை. சாப்பிடும்போது கொஞ்சம், விளையாடும்போது கொஞ்சம் என்று மாட்டிவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு மதியம், காதில் கருவியோடு பாயில் உட்கார்ந்திருந்த குழந்தை எதற்கோ "ஆ" என்றாள். உடனே நிறுத்திச் சுற்றுமுற்றும் பார்த்தாள். மறுபடி "ஆ". கையை வாயில் வைத்துப் பார்த்தாள். வலை பின்னிக்கொண்டிருந்த லும்பானி கையை நிறுத்தி, தன் வாயைத் தொட்டு அவளைச் சுட்டினான்: நீதான்.

அவள் கத்தத் தொடங்கினாள். உரக்க, மெல்ல, இழுத்து, நிறுத்தி. பொழுது சாயும்வரை ஓயவில்லை.

"இனிமே இந்த வீட்டுல யாரு தூங்கறது?" என்று சொல்லிக்கொண்டே ஏலெஸ் அவளை மடியில் இழுத்துப்போட்டு, தானும் "ஆ" என்றாள்.