வாலில் இறுகிய கயிறு

குடியிருந்த சான் ரமோன் நகரிலிருந்து அண்டார்டிகா வரை வந்ததே வான்மதியின் பிடிவாதத்தால்தான். திமிங்கிலங்களைப் படமெடுக்க வேண்டுமென்று நாலு வருடமாகக் கணவன் ஸ்ரீநிவாஸை நச்சரித்திருந்தாள். கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறங்கி முதல் திமிங்கிலத்தைப் பார்த்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது.

வால் தொடங்கும் இடத்தில் நீலக் கயிறு சுற்றி இறுகியிருந்தது. சதை வெளுத்துப் பிளந்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் யாரோ முனகுவதுபோல் கேட்டது.

"கத்தி இருக்குல்ல? கட் பண்ணச் சொல்லு ஸ்ரீ!"

வழிகாட்டி மார்த்தா மறுத்துவிட்டாள். பயிற்சி இல்லாதவர்கள் நெருங்கினால் வாலின் ஒரே அடியில் படகு கவிழ்ந்துவிடும். கயிறு அறுக்கத் தெரிந்த குழு எதுவும் பக்கத்தில் இல்லை. வாலின் அடிப்புறத்தைப் படமெடுக்கச் சொன்னாள். அங்கிருக்கும் வெள்ளைத் திட்டுகள் கைரேகை மாதிரி. படம் இருந்தால், அது எங்கே போனாலும் அடையாளம் கண்டுவிடலாம்.

ஆனால் அது வாலைத் தூக்கவேயில்லை. அரைமணி நேரம் போயிற்று. கையுறையைக் கழற்றிய வான்மதியின் விரல்கள் மரத்துப்போயின. ஒரு பேட்டரி குளிரில் செத்தது. பனிமூட்டம் இறங்கவே, திரும்பி வரும்படி கப்பலிலிருந்து ரேடியோவில் அழைத்தார்கள்.

"போதும் வானு. கை நீலமாயிடுச்சு பாரு."

"இன்னும் ஒரே தடவை. ப்ளீஸ், அவங்ககிட்ட சொல்லேன்... இதை இப்படியே விட்டுட்டு எப்படிப் போறது?"

மார்த்தா கப்பலிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினாள். அது முடியும் தறுவாயில் திமிங்கிலம் முதுகை வளைத்தது. வால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதிதான் எழுந்தது. பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்றே வான்மதிக்குத் தெரியவில்லை.

கப்பலுக்கு வந்து பார்த்தபோது ஒரே ஒரு படம் தெளிவாக இருந்தது. திட்டுகளும் தெரிந்தன, கயிறு ஓடிய வழியும் தெரிந்தது.

படத்தை ஆய்வாளர்களுக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் தகவல் இல்லை. ஆபீஸ் பார்க்கிங்கில் காரிலேயே உட்கார்ந்து தினமும் மெயிலைத் திறந்து பார்ப்பாள். செத்திருக்கும் என்றே முடிவு செய்துவிட்டாள். ஸ்ரீநிவாஸ் கேட்பதையே நிறுத்திவிட்டான்.

ஜூலையில் மெயில் வந்தது. கொலம்பியா கடலோரத்தில் அதே வால். எங்கே வெட்ட வேண்டுமென்பதை அவள் படத்தைப் பார்த்துத் தீர்மானித்த குழு ஒன்று, இரண்டு நாள் பின்தொடர்ந்து கயிற்றை அறுத்திருந்தது.

ஸ்ரீநிவாஸுக்கு போன் செய்தாள். மெயில் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"என்னாச்சு வானு? போயிடுச்சா?"

"இல்ல, இருக்கு. கயித்த எடுத்துட்டாங்க. ஒரு சுத்து மட்டும் சதைக்குள்ள போயிடுச்சாம். அத எடுக்க முடியலையாம்."

"அப்போ பிழைக்குமா?"

"தெரியாதுன்னு எழுதியிருக்காங்க. நீந்திப் போயிடுச்சாம், ஸ்ரீ. வேகமா நீந்திப் போச்சாம்."