நட்சத்திரம் பார்த்த கந்தோர்

இங்கிலீசு படித்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. எனக்கும் இருக்கவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு, ஆனி மாதத் தொடக்கம். நான் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு மாஸ்ரர். அடுத்த வளவில் புகையிலைத் தோட்டம் செய்த ஆழ்வாப்பிள்ளையின் மகள் மகாதேவிக்குக் கசநோய். பத்தொன்பது வயது. கசநோய் விடுதியில் அவளுக்கு ஒரு கட்டில் கேட்டு, அதற்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோருக்கு நான்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது.

ஆழ்வாப்பிள்ளை கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "என்ன எழுதியிருக்கினம், மாஸ்ரர்?"

"உம்மடை விண்ணப்பத்தைக் கன்சிடர் பண்ணுகினமாம்."

"அப்பிடியெண்டால்?"

கவனமாக யோசிக்கிறார்கள் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அந்தக் கந்தோர் எல்லாருக்கும் அதே வரியைத்தான் அனுப்பும். நேரில் போய் வாசலில் நிற்பவனுக்குத்தான் கட்டில். இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் முதல் நாள்தான் ஒரு தடித்த அகராதியில் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் படித்திருந்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"அது லத்தீன் வழி வந்த சொல்லு. நட்சத்திரங்களைக் கூர்ந்து பார்க்கிறதெண்டதுதான் ஆதிப் பொருளாம்" என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. "அப்ப துரைமாரும் எங்களைப்போலை நாள் கோள் பார்க்கிற ஆக்கள்தான்! நாளைக்கு வண்டில் கட்டிக்கொண்டு போய் நிற்பமெண்டிருந்தன். அவை பார்த்துக்கொண்டிருக்கேக்கை குறுக்கை போகக்கூடாது. ஆடியும் பிறக்கப்போகுது, ஒண்டும் துவங்கேலாது. ஆவணி பிறக்கட்டும், பிள்ளையோடை போறன்."

இல்லை, நாளைக்கே போம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை. என் படிப்பை அதுவரை ஒருவரும் அப்படி மதித்ததில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆடி முழுவதும் வேலிக்கு அப்பால் அவளுடைய இருமல் கேட்டது. நான் யன்னலைச் சாத்திவிட்டுப் படித்தேன். ஆடி இருபத்தேழில் அவள் செத்துப்போனாள்.

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் கந்தோரின் இரண்டாவது கடிதம் வந்தது. கட்டில் இல்லையாம், வருந்துகிறார்களாம்.

"இதிலையும் அந்தச் சொல்லு கிடக்கோ?" என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

"ஓம். நல்லாய்க் கன்சிடர் பண்ணினவையாம்."

வெட்கங்கெட்ட நான் அப்போதாவது உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் மடியிலிருந்து மஞ்சள் பூசிய ஓலையொன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். மகாதேவியின் சாதகம்.

"பிழை என்னிலைதான், மாஸ்ரர். இதை விண்ணப்பத்தோடை சேர்த்து அனுப்பாமல் விட்டிட்டன். இது இல்லாமல் அவை எதைப் பார்க்கிறது?"