கடைசிச் செர்ரியும் முதல் கச்சேரியும்

மே முதல் தேதியன்று பூத்த மரத்தடியில் முத்தம் வாங்காத பெண் அந்த வருஷம் முழுக்க வாடிப்போவாள் என்று செக் நாட்டின் பிர்னோ நகரத்தில் சொல்வார்கள். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் லிபூஷே இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் கணவர் போய் ஏழு வருஷமாகியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு ஒரு முத்தம் வேண்டித்தான் இருந்தது. அதுவும் ஹினெக்கிடமிருந்து.

இருவரும் நகரத்து பேண்டு வாத்தியக் குழுவில் இருந்தார்கள். அவளுக்குப் பெரிய டிரம், அவனுக்கு டிரம்பெட். பூங்காவின் திறந்த மேடையில் அவர்கள் வாசித்தால்தான் ஊரில் விழாக்காலம் தொடங்கியதாக அர்த்தம். அந்த மே முதல் தேதிக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனம், பீரும் சுட்ட சாஸேஜுமாகப் புல்வெளியில் வந்து கொட்டியிருந்தது. வெயில் முந்திக்கொண்டதில் மற்ற மரங்களெல்லாம் உதிர்த்து ஓய்ந்துவிட, மேடையோரத்துச் செர்ரி மட்டும் இளஞ்சிவப்பில் பொங்கி நின்றது. அதன் ஒரு கிளை ஹினெக்கின் நாற்காலிக்கு மேலேயே நீண்டிருந்தது. அப்படியொரு அழகு, கண்ணை எடுக்க மனசு வராது.

"இப்பவே வா, ஒரு நிமிஷ வேலை," என்றாள் லிபூஷே, கச்சேரிக்கு முன்னால்.

"ஐயோ, உதடு பிசகிடும்! தனியா வாசிக்கிற இடம் இருக்குல்ல? முடிஞ்சதும் வர்றேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. முடியறதுக்குள்ள மழை வந்து பூவெல்லாம் கொட்டிப்போச்சு. இந்தத் தடவையும் தட்டிக் கழிச்சேன்னா அவ்வளவுதான், அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்."

ஹினெக் அசடு வழிந்தான்.

மூன்றாவது பாட்டிலேயே காற்று எழுந்தது. மேற்கே வானம் கறுத்தது. ஹினெக்கின் தொப்பியில் இதழ்கள் குவிவதை லிபூஷே பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே டிரம்மை அடித்தாள். கடைசியாக வால்ட்ஸ் நடன இசை தொடங்கியபோது கிளையில் பாதிப் பூ போயிருந்தது. அதில் ஹினெக் தனியாக வாசிப்பதற்கு முன்னால் டிரம்முக்கு நீண்ட ஓய்வு உண்டு.

லிபூஷே கோலைக் கீழே வைத்தாள். கிளாரினெட்காரர்களை இடித்துக்கொண்டு நடந்து, கிளைக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"இப்ப."

"வாசிக்கணும்டி, இன்னும் நாலு தாளந்தான் இருக்கு!"

"போதும்."

அவன் டிரம்பெட்டைப் பார்த்தான். உதிர்கிற கிளையைப் பார்த்தான். பிறகு எழுந்து டிரம்பெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, ஊரே பார்க்க அவளை முத்தமிட்டான்.

அடுத்து வந்த முதல் சுரம் அப்பட்டமாகப் பிசிறியது. மீதிச் சுரங்கள் எப்படி வந்தன என்று யாருக்கும் தெரியாது. கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் லிபூஷே திரும்ப ஓடிப்போய் டிரம்மில் கொடுத்த அடி மட்டும் தாளம் பிசகாமல் விழுந்தது.

கச்சேரி முடிந்ததும் மழை கொட்டியது. மேடைக்குப் பின்னாலிருந்த கூடாரத்துக்குள் பேண்டு மாஸ்டர் போஹுமில் தலையில் அடித்துக்கொண்டார். "இருபது வருஷத்துல ஒரு சுரம் தப்புனதில்ல. மானம் போச்சு!"

ஹினெக் லிபூஷேயின் காதருகே குனிந்தான். "ரொம்ப மோசமா இருந்துச்சா?"

"படுமோசம்," என்றாள் அவள். "அடுத்த வருஷமும் இப்படியே வாசி."