சிரிக்கக் கூடாத சிரிப்புப் படம்

உலக சினிமாக் கழகத் தலைவரை உறுப்பினர்கள் முதுகுக்குப் பின்னால் 'ஆழம்' என்றுதான் சொல்வார்கள். படம் தொடங்குமுன் போடுகிற சோப்பு விளம்பரத்துக்கே கண்ணை மூடி, "என்ன ஆழம்!" என்று உருகுகிற ஆசாமி.

அன்று அவர் கையில் சிக்கியது ஓர் ஊமைப்படம். சாப்பாட்டு விடுதிச் சிப்பந்தி ஒருவன் தட்டுகளோடு வழுக்கி விழுந்துகொண்டே இருப்பான், அவ்வளவுதான் கதை. தொலைந்தே போயிற்று என்று எல்லோரும் கைகழுவிய படம் யார் வீட்டுப் பரணிலோ கிடைத்திருந்தது. சிப்பந்தியாக நடித்தவரின் மகளையே சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டார் ஆழம்.

மகள் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அப்பா திரையில் விழுந்து அவள் பார்த்ததில்லை. வீட்டில் பார்த்ததெல்லாம் விழுந்ததன் மிச்சம்தான்: இடுப்பில் தைலம், முட்டியில் கட்டு, கட்டிலைப் பிடித்து எழுகிற முனகல். "வலிக்குதாப்பா?" என்றால், "கொட்டகை சிரிச்சுச்சும்மா" என்பார். அந்தச் சிரிப்பை ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும். அதற்காக மட்டும்தான் வந்திருந்தாள்.

விளக்கு அணைந்தது. ஆழம் மைக்கோடு திரையோரம் நின்றுகொண்டார்.

"இது சிரிக்கிற படம் இல்ல. தயவுசெஞ்சு யாரும் சிரிச்சிடாதீங்க. இங்க விழுறது ஒரு ஆள் இல்ல, மனித குலம்."

மனித குலம் விழுந்தது. முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். ஆழம் கையைத் தூக்க, படம் நின்றது.

"யாரு அது? இது என்ன சந்தைக்கடையா?"

சிரித்தவர் அதை இருமலாக முடித்துக்கொண்டார்.

படம் மறுபடி ஓடியது. அப்பா சூப்பு அண்டாவில் கால் வைத்தார். "தனிமை" என்றார் ஆழம். நாற்காலி நழுவியது. "வர்க்க முரண்." பணக்காரரின் வழுக்கைத் தலையில் கேக் வந்து அமர்ந்தது. ஆழம் சற்றே தடுமாறி, "மரணம்" என்றார்.

ஊரார் பல்லையெல்லாம் காப்பாற்றியவள் தன் பல்லை நறநறவென்று கடித்தாள்.

"அக்கா, பேசாம இரு. அப்பாவுக்கு மரியாதை செய்றாங்க" என்றான் பக்கத்திலிருந்த தம்பி.

"மரியாதையா? அப்பாவ ரெண்டாவது தடவ புதைக்கிறாண்டா!"

வேறு வழியில்லாமல் அவளே உரக்கச் சிரித்தாள். ஆத்திரத்தில் வந்த சிரிப்பு. தொண்டையில் சிக்கிப் பாதியில் உடைந்தது. ஆழத்தின் குரல் தழுதழுத்தது.

"பாருங்க, பெத்த மக அழறாங்க. எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

சபை எழுந்து தலை குனிந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா, தலைக்கு மேல் தட்டுக் கோபுரத்தோடு, மாடிப்படி முழுக்க உருண்டு வந்தார். ஒருவரும் பார்க்கவில்லை. தோள்களின் சந்தில் அவளுக்குத் தெரிந்தது ஒரு பூட்ஸ் கால் மட்டும்.

அவ்வளவுதான். விறுவிறுவென்று போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் அழல, சிரிச்சேன்! எங்கப்பா இடுப்ப ஒடச்சுக்கிட்டது நீங்க எழுந்து நிக்கிறதுக்கா? உக்காருங்க எல்லாரும்! ஆபரேட்டரய்யா, மொதல்லருந்து போடுங்க."

"அம்மா, அடுத்து கலந்துரையாடல்..." என்று இழுத்தார் ஆழம்.

"வாயத் தெறந்தீங்க, பல்லப் புடுங்கிருவேன். எனக்கு அது தொழில்."

ஆபரேட்டர் யோசிக்கவே இல்லை, போட்டுவிட்டார். அவள் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆழத்துக்குத்தான் பொறுக்கவில்லை. மைக் இல்லாமலே திரைக்கு நடுவே வந்து, "இந்தச் சிரிப்புக்கு அடியில பார்த்தீங்கன்னா..." என்று தொடங்கினார். அவருடைய நிழல் அப்பாவை அப்படியே விழுங்கியது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "யோவ், உக்காருய்யா! மறைக்குது!"

கொல்லென்று சிரித்தது கொட்டகை. அது அடங்குவதற்குள் அப்பா வழுக்கினார். சிரிப்பு இன்னும் ஏறியது. அதில் எவ்வளவு அப்பாவுக்கு, எவ்வளவு ஆழத்துக்கு என்று டாக்டரால் பிரிக்க முடியவில்லை. அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.